கூரையில் ஈரம், நள்ளிரவில் பம்ப் சத்தம்: மோட்டார் ஹோம் பயணத்தில் பழுதும் ஊர்சுற்றலும்

கேள்வி: நானும் கணவரும் மோட்டார் ஹோமில் (தங்கிச் சமைத்துக் குளிக்க வசதியுள்ள வண்டியில்) நான்கு வாரம் சுற்றப் போகிறோம். மழை பெய்தால் குளியலறைக் கூரையில் எக்ஸாஸ்ட் ஃபேனைச் சுற்றி ஈரத்திட்டு தெரிகிறது. எந்தக் குழாயையும் திறக்காமலே ராத்திரியில் தண்ணீர் பம்ப் ஓரிரு வினாடி ஓடி நிற்கிறது. போன பயணத்தில் பாதி விடுமுறை ஒர்க்‌ஷாப் வாசலிலேயே போய்விட்டது. எதை நாங்களே பார்க்கலாம், எதற்கு வண்டியை நிறுத்த வேண்டும்?

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டையும் பெரும்பாலும் நீங்களே சரிசெய்துவிடலாம். முதலில் கூரையைப் பாருங்கள். பம்ப் ஓடினால் தண்ணீரும் தூக்கமும்தான் போகும். கூரை கசிந்தால் உள்ளே இருக்கும் ப்ளைவுட் ஊறி மக்கிவிடும், அதைப் பிறகு ஒட்டுப்போட்டுச் சரிக்கட்ட முடியாது.

ஈரம் தெரியும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் கூரைக்குள் சரிவு பார்த்து ஓடி, எங்கோ ஓரிடத்தில்தான் தலைகாட்டும். உள்ளிருந்து திட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் மரம் ஊறிவிட்டது, அது ஒர்க்‌ஷாப் வேலை, கிளம்புவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். கெட்டியாக இருந்தால் மேலே ஏறலாம். ஏறும் முன் உங்கள் கூரை ஆள் எடையைத் தாங்குமா என்று வண்டிக் கையேட்டில் பாருங்கள். தாங்கும் என்றாலும் ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் மண்டியிடுவதே பாதுகாப்பு. பனி ஈரம் காயும்வரை ஏறவே வேண்டாம்.

ஃபேனின் விளிம்பைச் சுற்றியுள்ள ஸ்க்ரூ தலைகளைக் கிட்டே போய்ப் பாருங்கள். பழைய சீலன்ட் (நீர் புகாமல் அடைக்கும் பசை) மயிரிழையாய் வெடித்திருக்கும், அல்லது ஓரம் லேசாகத் தூக்கியிருக்கும். பக்கத்தில் ஸ்கைலைட், ஏசி, கூரையின் முன் பின் மூட்டுகள் இருந்தால் அவற்றையும் சேர்த்தே பார்த்துவிடுங்கள். கெட்டியாகப் பிடித்திருக்கும் பழைய சீலன்ட்டைத் தொட வேண்டாம். தூக்கியிருப்பதை மட்டும் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள், இரும்பு பட்டால் ரப்பர் கூரை கிழியும். பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரால் கழுவி, நன்றாகக் காயவைத்து, பூசும் இடத்தை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் எதுவும் கூடாது: கூரைக்குப் போடும் ஈபிடிஎம் என்ற ரப்பர் அதில் உப்பிவிடும்.

பூசுவதற்கு, உங்கள் கூரைப் பொருளுக்கு ஏற்றது என்று ட்யூபில் எழுதியிருக்கும் செல்ஃப் லெவலிங் லேப் சீலன்ட் வேண்டும். தானே பரவி மட்டமாகும் இந்த வகை சமதளத்துக்கு மட்டும்தான். செங்குத்தான பக்கங்களுக்கு வழியாத வகையை வாங்குங்கள். ஒவ்வொரு ஸ்க்ரூ தலையும் முழுக்க மூழ்கி, விளிம்பைத் தாண்டி ஒரு சென்டிமீட்டராவது பரவ வேண்டும். ஒரு ஃபேனைச் சுற்ற 300 மில்லி ட்யூப் ஒன்று போதும். கைவசம் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்குக்கூட சாதா சிலிகானைத் தடவாதீர்கள். அது சில மாதத்தில் உரிந்து வரும், அது பட்ட இடத்தில் பிறகு எந்த சீலன்ட்டும் ஒட்டாது.

வண்டி மட்டமாக நிற்கும்போது, மழை இல்லாத காலையில் இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள். சாய்ந்து நின்றால் சீலன்ட் ஒரு பக்கமாக வழிந்துவிடும். மேல்பரப்பு தோல் கட்டச் சில மணி நேரமாகும், உள்ளே முழுக்க இறுக வாரக்கணக்கில் ஆகலாம். தோல் கட்டும்வரை வண்டியை நகர்த்தக் கூடாது. நடந்தோ சைக்கிளிலோ ஊர் பார்க்கப் போக வேண்டிய நாள் அதுதான். ஒரே இடத்தில் மூன்று இரவு தங்குவதுபோல் திட்டம் போடச் சொல்வது இதனால்தான். காலையில் ஒரு மணி நேர வேலையை முடித்துவிட்டுக் கிளம்பினால், காய வேண்டியது அது பாட்டுக்குக் காயும்.

இனி பம்ப். குழாயில் அழுத்தம் குறைந்தால் அது தானாக ஓடும். ஆகவே எங்கோ அழுத்தம் கசிகிறது. முகாமின் தண்ணீர் லைனை வண்டியில் இணைத்து, பம்ப்பை அணைத்துவிட்டு, தொட்டி அளவைக் கவனியுங்கள். தொட்டி தானாக நிரம்பினால் பம்ப்புக்குள் இருக்கும் செக் வால்வு (ஒரு திசையில் மட்டும் தண்ணீர் விட வேண்டிய அடைப்பான்) தண்ணீரைத் திருப்பி விடுகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் மணல் துகள்தான் காரணம். பம்ப் தலையைக் கழற்றிக் கழுவுங்கள், உறிஞ்சும் பக்கத்து வடிகட்டியையும் கழுவுங்கள். அப்போதும் நிற்காவிட்டால் வெளிவரும் பக்கம் தனியாக ஒரு செக் வால்வைச் சேர்க்கலாம். தொட்டி நிரம்பவில்லையா? அப்படியானால் கசிவு வெளியே இருக்கிறது. கழிவறைக் கோப்பைக்குள் மெல்லிய கோடாகத் தண்ணீர் இறங்குகிறதா, வாட்டர் ஹீட்டரின் பாதுகாப்பு வால்வு சொட்டுகிறதா, வெளிப்புற ஷவர் சரியாக மூடியிருக்கிறதா என்று பாருங்கள். மற்ற மூட்டுகளில் உலர்ந்த டிஷ்யூ பேப்பரைச் சுற்றிவைத்தால் எது நனைகிறது என்று காலையில் தெரியும்.

ஓட்டத்தில் ஏற்படும் அதிர்வில் பிளாஸ்டிக் நட்டுகள் தளர்வது சகஜம். கையால் இறுக்கி, மேற்கொண்டு கால் சுற்று போதும். ஸ்பேனரை வைத்து முறுக்கினால் வெடிக்கும். முகாம் லைனில் இணைக்கும்போது அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கட்டாயம், அழுத்தத்தை 40 முதல் 60 பிஎஸ்ஐக்குள் வையுங்கள். ஓட்டும்போதும் தூங்கும்போதும் பம்ப் சுவிட்ச் அணைந்தே இருக்கட்டும்.

உடனே நிறுத்த வேண்டியவை சில உண்டு. கேஸ் வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்து சிலிண்டர் வால்வை மூடுங்கள், கதவுகளைத் திறந்துவிடுங்கள். பிரேக், ஸ்டீயரிங்கில் மாற்றம் தெரிந்தாலோ, இன்ஜின் சூடு ஏறினாலோ அடுத்த ஊர்வரை போய்ப் பார்ப்போம் என்று எண்ணாதீர்கள். ஓய்வுக்கு நிறுத்தும்போதெல்லாம் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் சக்கர மையங்களை அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகம் சுட்டால் பேரிங்கோ, பிடித்துக்கொண்ட பிரேக்கோ காரணம். டயர் காற்றைக் காலையில், ஓட்டும் முன்பே பாருங்கள். பக்கச்சுவரில் ‘2319’ என்று இருந்தால் அந்த டயர் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. மோட்டார் ஹோம் டயர்கள் தேய்வதற்கு முன்பே வயதாகிவிடும், ஏழு வருடம் தாண்டியதை நம்பாதீர்கள். சக்கரம் மாற்றினால் 80 கிலோமீட்டர் ஓடியபின் டார்க் ரென்ச்சால் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் கருவி) நட்டுகளை மறுபடி சரிபாருங்கள்.

மின்சாரத்தில் நிறையக் கோளாறுகள் ஃப்யூஸில் முடிந்துவிடும். நீலம் 15 ஆம்பியர், மஞ்சள் 20. போனதற்கு அதே அளவுதான், பெரியதைப் போட்டால் வயர் எரியும். ஸ்லைட் அவுட் (நிறுத்தியபின் வெளியே நீளும் அறைப்பகுதி) திணறினால் முதலில் பேட்டரியை அளந்து பாருங்கள். லெட் ஆசிட் பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.1க்குக் கீழே என்றால் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. இன்ஜினை ஓடவிட்டு மறுபடி முயலுங்கள். கையால் உள்ளே இழுக்கும் வழி எங்கே இருக்கிறது என்பதைக் கிளம்பும் முன்பே பார்த்துவையுங்கள்.

ஊர்சுற்றும்போது பலர் கவனிக்காத ஒன்று: கேஸிலும் ஓடும் அப்சார்ப்ஷன் ஃபிரிட்ஜ் சாய்வைத் தாங்காது. காட்சிமுனையில் சரிவாக நிறுத்திவிட்டு நெடுநேரம் நடக்கப் போவதானால் அதை அணைத்துவிட்டுப் போங்கள். கதவை யாரும் திறக்காவிட்டால் சில மணி நேரம் குளிர் நிற்கும். ஏசி உச்சிவரை வண்டியின் உயரத்தை அளந்து டாஷ்போர்டில் ஒட்டுங்கள். கேஸ் சிலிண்டரோடு போக அனுமதியில்லாத சுரங்கப்பாதைகளும் உண்டு, வழியை முன்பே பார்த்துவிடுங்கள்.

கிளம்பும் முன் பம்ப், ஹீட்டர், ஃபிரிட்ஜ் ஆகியவற்றின் மாடல் எண் தகடுகளை ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். உதிரிபாகம் வேண்டியிருந்தால், நிற்கும் இடத்துக்கு வரவழைத்துக் காத்திருக்க வேண்டாம். இன்னும் மூன்று நான்கு நாளில் போய்ச்சேரும் முகாமுக்கு அனுப்பச் சொல்லுங்கள், பார்சல் வாங்கி வைப்பார்களா என்று அவர்களிடம் முதலில் கேட்டுக்கொண்டு.