பாராட்டினா படத்தைக் கிழிக்கிறாளே! – பள்ளி மனநல ஆலோசகரிடம் கேள்வி பதில்

அம்மா, திண்டுக்கல்: மகள் ஏழாவது படிக்கிறாள். வரைந்ததைப் பார்த்து "சூப்பர், நீ பெரிய ஆர்ட்டிஸ்ட்"னு சொன்னா உடனே கிழிச்சுப் போடுறா. பாராட்டுறது நல்லதுதானே மேடம்?

நல்லதுதாம்மா. ஆனா தன்மேல நம்பிக்கை குறைஞ்ச பிள்ளைக்கு "பெரிய ஆர்ட்டிஸ்ட்" பட்டம் பயத்தைத்தான் கொடுக்கும்: அடுத்த படம் நல்லா வரலைன்னா பட்டம் போயிடுமே! 1998-ல் அமெரிக்காவில் உளவியல் ஆய்வாளர்கள் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் இருவரும் வெளியிட்ட ஆய்வு, பட்டம் கொடுத்துப் பாராட்டுவதில் உள்ள ஆபத்தைக் காட்டியது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் புதிர் போட்டு முடித்ததும் சிலரிடம் "நீ புத்திசாலி" என்றார்கள், சிலரிடம் "நல்லா உழைச்சிருக்கே" என்றார்கள். அடுத்து வேண்டுமென்றே கஷ்டமான புதிர்கள். அதில் சறுக்கிய பிறகு மறுபடி சுலபமானவை கொடுத்தபோது, புத்திசாலிப் பட்டம் வாங்கியவர்கள் முதலில் போட்ட அளவுக்குக்கூடப் போடவில்லை. உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்கள் முன்னைவிட நன்றாகப் போட்டார்கள்.

அதுக்காக "நல்லா முயற்சி பண்ணினே"னு கிளிப்பிள்ளை மாதிரி சொல்லாதீங்க, பிள்ளைங்க கண்டுபிடிச்சிடும். படத்தைப் பாருங்க. "வாழை இலைக்கு ஓரத்துல மட்டும் மஞ்சள் கலந்திருக்கியே, வெயில் படுற மாதிரியா?"ன்னு கேளுங்க. அவளே பேசுவா.

அரசுப் பள்ளி ஆசிரியர், தஞ்சாவூர்: வகுப்பில் ரேங்க் வாசிக்காவிட்டால் பிள்ளைகளிடம் போட்டி மனப்பான்மை போய்விடாதா?

போகாது சார். பொதுத்தேர்வுக்கே 2017-லிருந்து மாநில ரேங்க் அறிவிப்பு இல்லை. யார் படிப்பை விட்டாங்க? விடைத்தாளைக் கையில் கொடுங்க, மார்க்கைச் சத்தமா வாசிக்காதீங்க.

அப்பா, ஓசூர்: பக்கத்து வீட்டுப் பையனைக் காட்டிச் சொன்னால் ரோஷம் வராதா?

வரும், உங்க மேல. ஒப்பிட்டே ஆகணும்னா உங்க பிள்ளையோட போன பரீட்சைத் தாளை எடுத்துப் பக்கத்துல வைங்க.

பத்தாம் வகுப்பு மாணவன்: கறுப்பா, ஒல்லியா இருக்கேன். "கருவாடு"ன்னு கூப்பிடுறாங்க. கிளாஸ்ல சந்தேகம் கேட்கவே கூச்சமா இருக்கு.

தம்பி, இதுல மாற வேண்டியது உன் நிறமோ உடம்போ இல்லை. கேலியை நிறுத்துறது பெரியவங்க பொறுப்பு. யார், எப்போ கூப்பிட்டாங்கன்னு எழுதி வகுப்பாசிரியர்கிட்ட கொடு. தனியா போகத் தயக்கமா இருந்தா அம்மாவையோ அப்பாவையோ கூட்டிட்டுப் போ.

கூச்சத்துக்கு ஒரு வழி: சந்தேகத்தை நோட்டுல எழுதி, மணி அடிச்சதும் டீச்சர்கிட்ட தனியா கேளு. கொஞ்ச நாள் பழகினதும் அதையே வகுப்புல எழுந்து நின்னு வாசி. பார்த்து வாசிக்கிறதுல தப்பே இல்லை. தூக்கமோ சாப்பாடோ கெட்டுப்போனா 14416-க்குப் போன் பண்ணு. அது டெலி மானஸ்ங்கிற அரசு மனநல உதவி எண், இலவசம், ராத்திரியும் எடுப்பாங்க, தமிழிலேயே பேசலாம்.