நெல் ஜீனை மற்ற செடிகளோடு ஒப்பிட எந்தத் தளம் நல்லது?

நெல்லில் கிடைத்த ஒரு ஜீன் சோளத்திலும் மக்காச்சோளத்திலும் இருக்கிறதா என்று பார்க்க எந்த இணையத் தரவுத்தளம் சரியாக வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். என்சம்பிள் பிளாண்ட்ஸில் ஆரம்பியுங்கள். இங்கிலாந்தில் இருந்து நடத்துகிறார்கள், இலவசம், கணக்குகூடத் தொடங்க வேண்டாம். ஜீன் பக்கத்தைத் திறந்தால் அதன் வம்சமரம் வரும், எந்தச் செடியில் எது அதற்கு உறவு என்று அதிலேயே தெரியும். அமெரிக்காவின் ஃபைட்டோசோமும் நல்லதுதான், கோப்புகளை இறக்க மட்டும் பதிவு செய்ய வேண்டும்.

சரி, உறவு கிடைத்துவிட்டது என்று அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். அந்த ஜீனுக்கு முன்னும் பின்னும் எவை இருக்கின்றன என்று பாருங்கள். நெல்லுக்கு 12 குரோமோசோம், சோளத்துக்கு 10, சோளத்தின் ஜீனோம், அதாவது அதன் மொத்த டிஎன்ஏ, ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரிது, ஆனாலும் பல இடங்களில் ஜீன்கள் அதே வரிசையில்தான் நிற்கின்றன. கூடுதல் நீளத்தில் பெரும்பகுதி திரும்பத் திரும்ப வரும் துண்டுகள். அக்கம்பக்கமும் பொருந்தினால் சரியான ஜோடியைத்தான் பிடித்திருக்கிறீர்கள் என்று தைரியமாக எழுதலாம். இதற்கு பெல்ஜியத்தில் உருவான பிளாசா அருமையான தளம். மக்காச்சோளத்தில் ஒன்றுக்கு இரண்டாக வந்தால் குழம்ப வேண்டாம், அதன் ஜீனோமே ஒரு காலத்தில் இரட்டித்ததுதான்.

நான் ரொம்பவும் வலியுறுத்துவது, தேடலில் 'இல்லை' என்று வரும் இடத்தை. இந்தத் தளங்களில் 'நெல்' என்று இருப்பது பெரும்பாலும் நிப்பான்பாரே என்ற ஜப்பானிய ரகம். பயிர் இரண்டு வாரம்வரை வெள்ளத்தில் மூழ்கினாலும் தாக்குப்பிடிக்க வைக்கும் சப்1ஏ ஜீன் அதில் கிடையவே கிடையாது. கூடவே இருக்க வேண்டிய சப்1பி, சப்1சி இரண்டும் உண்டு, சப்1ஏ மட்டும் இல்லை. அது ஒடிசாவின் எஃப்ஆர்13ஏ ரகத்திலிருந்து வந்தது, அதைத்தான் ஸ்வர்ணா சப்1-இலும் நம் டெல்டாவில் போடும் சிஆர்1009 சப்1-இலும் சேர்த்திருக்கிறார்கள். பாஸ்பரஸ் குறைந்த மண்ணில் கைகொடுக்கும் பிஸ்டால்1 ஜீனும் அப்படித்தான், கசலத் ரகத்தில் உண்டு, நிப்பான்பாரேயில் இல்லை. ஒரே ரகத்தைப் பார்த்துவிட்டு நெல்லுக்கே இந்த ஜீன் இல்லை என்று ஆய்வேட்டில் எழுதினால் அது பெரிய தப்பு. கிராமீன் தளத்தில் பல நெல் ரகங்களின் ஜீனோமைச் சேர்த்து வைத்த தனிப் பிரிவு இருக்கிறது, அங்கேயும் தேடிவிட்டு எழுதுங்கள்.

அப்புறம், நெல் ஜீன்களுக்கு இரண்டு விதமான அடையாள எண்கள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒரு தளத்தின் எண்ணை இன்னொன்றில் போட்டால் சில நேரம் ஒன்றும் வராது. ராப்-டிபி தளத்தில் மாற்றித் தரும் வசதி உண்டு, அதை முதலிலேயே செய்துகொள்ளுங்கள்.