மைஎஸ்கியூஎல்: 1040, 1205, 2003 மாறி மாறி வந்தால் எங்கே தேடுவது?

கேள்வி: எங்கள் ஆன்லைன் பதிவுச் செயலி பைத்தானில் எழுதப்பட்டது, எஸ்கியூஎல்ஆல்கெமி என்ற லைப்ரரி வழியாக மைஎஸ்கியூஎல் 8.0 டேட்டாபேஸுடன் பேசுகிறது. டேட்டாபேஸுக்குத் தனி லினக்ஸ் சர்வர், 8 ஜிபி ரேம். அதில் 6 ஜிபியை பஃபர் பூலுக்கு (டேட்டாவை ரேமில் வைத்துக்கொள்ளும் இடம்) கொடுத்திருக்கிறோம். செயலி 4 சர்வர்களில், ஒவ்வொன்றிலும் 4 பிராசஸாக ஓடுகிறது. செயலி திறந்து வைத்து மறுபடி மறுபடி பயன்படுத்தும் கனெக்‌ஷன்களின் பூல் அளவு 10-தான் வைத்திருந்தோம். ஆனாலும் கூட்டம் அதிகமாகும் நேரத்தில் பிழை 1040 (கனெக்‌ஷன்கள் வரம்பை மீறிவிட்டன) வந்தது. மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸை (சர்வர் ஒரே நேரத்தில் ஏற்கும் கனெக்‌ஷன்களின் வரம்பு) 1000 ஆக்கி, பூலையும் 40 ஆக்கினோம். இப்போது 1205 (பூட்டுக்காகக் காத்திருந்து நேரம் முடிந்தது) வருகிறது, சற்று நேரத்தில் எல்லா சர்வர்களிலும் 2003 (சர்வரோடு இணைய முடியவில்லை). ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது, மறுநாள் மறுபடியும். காலையில் முதல் சில கோரிக்கைகளுக்கு 2006 (சர்வருடனான கனெக்‌ஷன் அறுந்துவிட்டது) வேறு. எதை முதலில் சரிசெய்வது?

பதில்: நோய் 1205-இல் இருக்கிறது. ஆனால் இன்றே செய்ய வேண்டியது அந்த 1000-ஐயும் 40-ஐயும் கீழே இறக்குவது. அவைதான் சர்வரைச் சாகடிக்கின்றன.

எண்ணைப் பார்த்ததுமே ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். 1000 முதல் 1999 வரையும் 3000 முதல் 4999 வரையும் சர்வர் சொல்லும் பிழைகள். 2000 முதல் 2999 வரை உங்கள் பக்கத்து கிளையன்ட் லைப்ரரி சொல்பவை. ஆகவே 1040, 1205 வரும்போது சர்வர் உயிரோடு இருக்கிறது, பதில் பேசுகிறது. 2003 வரும்போது எதிர்முனையில் யாருமே எடுக்கவில்லை. அந்தச் செய்தியின் கடைசியில் இன்னொரு சிறிய எண் இருக்கும். 111 என்றால் அந்த போர்ட்டில் யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, அதாவது மைஎஸ்கியூஎல் ஓடவில்லை. 110 என்றால் பாக்கெட் போனது, பதில் வரவில்லை, ஃபயர்வாலைப் பாருங்கள். அதே டேட்டாபேஸ் சர்வருக்குள் லாக்இன் செய்து லோக்கல்ஹோஸ்ட் என்று கொடுத்தால் 2003-க்குப் பதில் 2002 வரும், ஏனென்றால் அப்போது சாக்கெட் ஃபைல் வழியாகப் போகிறது. மைஎஸ்கியூஎல் ஓடாததால்தான் அந்த ஃபைல் இல்லை. அதைக் கையால் உருவாக்கி வைப்பதில் எந்தப் பலனும் கிடையாது.

உங்களுக்கு 111 வந்திருந்தால், யாரும் நிறுத்தாமல் சர்வர் ஏன் நின்றது என்று ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கேளுங்கள். டிஎம்எஸ்ஜி கட்டளையை -டி சேர்த்து ஓட்டி, அதன் வெளியீட்டில் 'கில்டு பிராசஸ்' என்ற சொற்களைத் தேடுங்கள். பக்கத்தில் மைஎஸ்கியூஎல்டி (மைஎஸ்கியூஎல்லின் சர்வர் பிராசஸ்) என்ற பெயர் இருந்தால், ரேம் தீர்ந்துபோய் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கெர்னலே அதைக் கொன்றிருக்கிறது. இப்படிச் செத்தால் மைஎஸ்கியூஎல்லின் சொந்த எரர் லாகில் காரணம் எதுவும் இருக்காது. எழுதுவதற்கு அதற்கு அவகாசமே கிடைப்பதில்லை. அடுத்த தொடக்கத்தின் ரிகவரி வரிகள் மட்டும் தெரியும். பலர் இங்கேதான் வழி தவறி, டிஸ்க் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, இன்னோடிபியின் (மைஎஸ்கியூஎல்லின் சேமிப்பு என்ஜின்) அவசர மீட்பு அமைப்பான இன்னோடிபி_ஃபோர்ஸ்_ரிகவரியைத் தொடுகிறார்கள். உங்கள் நிலையில் அது தேவையே இல்லை. அதை 4 அல்லது அதற்கு மேல் வைத்தால் டேட்டா நிரந்தரமாகக் கெடலாம். டேட்டா டைரக்டரியில் எந்த ஃபைலையும் அழிக்கவும் வேண்டாம்.

இனி கணக்கு. எஸ்கியூஎல்ஆல்கெமியின் பூல் சர்வருக்கு ஒன்று அல்ல, பிராசஸுக்கு ஒன்று. அதோடு, பூல் நிறைந்த பிறகும் எத்தனை கனெக்‌ஷன் கூடுதலாகத் திறக்கலாம் என்பதற்கு மேக்ஸ்_ஓவர்ஃப்ளோ என்று ஒன்று உண்டு. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அது 10. ஆகவே பூல் 10 என்று நீங்கள் வைத்திருந்தபோதே 16 பிராசஸ் × 20 = 320 கனெக்‌ஷன் வரை கேட்கலாம். மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸின் இயல்பு மதிப்பு 151. அதனால்தான் 1040 வந்தது. 40 ஆக்கிய பிறகு 16 × 50 = 800. ஒவ்வொரு கனெக்‌ஷனும் தன் திரெட்டுக்கும், சார்ட், ஜாயின் பஃபர்களுக்கும் தனியாக ரேம் எடுக்கும். வேலையைப் பொறுத்து அது மாறும். சராசரியாக 3 எம்பி என்று வைத்தாலே 2.4 ஜிபி. பஃபர் பூலின் 6 ஜிபியோடு சேர்த்தால் 8-ஐத் தாண்டிவிட்டது, ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு இன்னும் எதுவும் ஒதுக்கவில்லை.

பூலை 5, ஓவர்ஃப்ளோவை 3 என்று வையுங்கள். 16 × 8 = 128. மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸ் பழைய 151-லேயே இருக்கட்டும். மிச்சம் 23 பேக்அப்புக்கும் நிர்வாக வேலைக்கும். பஃபர் பூலை 5 ஜிபிக்கு இறக்குங்கள். 8.0-இல் இரண்டையும் ரீஸ்டார்ட் இல்லாமலே மாற்றலாம்:

செட் பெர்சிஸ்ட் மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸ் = 151;
செட் பெர்சிஸ்ட் இன்னோடிபி_பஃபர்_பூல்_சைஸ் = 5368709120;

பூலைச் சுருக்கினால் செயலி மெதுவாகிவிடுமோ என்ற பயம் எல்லாருக்கும் வரும். எட்டு கோர் உள்ள சர்வரில்கூட 128 குவரிகள் ஒரே நேரத்தில் முன்னேற முடியாது. எங்கேயோ வரிசையில் நிற்கத்தான் வேண்டும். அந்த வரிசை டேட்டாபேஸுக்குள் பூட்டையும் ரேமையும் பிடித்துக்கொண்டு நிற்பதைவிட, செயலிக்குள் பூலின் வாசலில் நிற்பது எவ்வளவோ மேல். இனி நெரிசல் வந்தால் 1040-க்குப் பதில், 30 விநாடி காத்திருந்துவிட்டு எஸ்கியூஎல்ஆல்கெமி தானே 'கியூபூல் லிமிட்' என்று தொடங்கும் டைம்அவுட் பிழையை எழுப்பும். அதைப் பார்த்ததும் பூலை மறுபடி ஏற்றிவிடாதீர்கள். கீழே சொல்லும் சோதனையைச் செய்யுங்கள்.

நெரிசல் நடந்துகொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டிய சோதனை இது. ரீஸ்டார்ட் செய்த விநாடியில் சாட்சியம் முழுதும் போய்விடும், எல்லாம் ரேமில்தான் இருக்கிறது. 1040 வந்துகொண்டிருக்கும்போது உள்ளே போக வழி உண்டா என்றால், உண்டு. மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸுக்கு மேல் ஒரே ஒரு இடத்தை மைஎஸ்கியூஎல் கனெக்‌ஷன்_அட்மின் உரிமை உள்ள கணக்குக்காக ஒதுக்கி வைக்கிறது. உங்கள் செயலி ரூட் கணக்கில் ஓடினால் அந்த இடத்தையும் அதுவே விழுங்கிவிடும். செயலிக்குத் தனிக் கணக்கு வேண்டும் என்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

உள்ளே போனதும் ஷோ ஃபுல் பிராசஸ்லிஸ்ட். பெரும்பாலும் இப்படித் தெரியும்: நூறு வரிகள் 'குவரி' நிலையில், எல்லாமே ஒரே டேபிளில் அப்டேட், டைம் நிரல் 12, 31, 47 என்று ஏறிக்கொண்டே போகும், ஆனால் 50-ஐத் தாண்டாது. இன்னோடிபி_லாக்_வெயிட்_டைம்அவுட் இயல்பாக 50 விநாடி. அதைத் தொட்டதும் 1205 கொடுத்துவிட்டு விலகிவிடுகின்றன. இந்த நூறில் எதுவும் குற்றவாளி இல்லை. குற்றவாளி அநேகமாக 'ஸ்லீப்' என்று போட்டிருக்கும் ஒரு வரி. சும்மா கிடக்கிறது என்று கண் அதைத் தாண்டிப் போய்விடும். கண்டுபிடிக்க:

செலக்ட் டிஆர்எக்ஸ்_மைஎஸ்கியூஎல்_திரெட்_ஐடி, டிஆர்எக்ஸ்_ஸ்டார்ட்டட், டிஆர்எக்ஸ்_ரோஸ்_மாடிஃபைட் ஃப்ரம் இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா.இன்னோடிபி_டிஆர்எக்ஸ் ஆர்டர் பை டிஆர்எக்ஸ்_ஸ்டார்ட்டட்;

முதல் வரியில் பல நிமிடங்களுக்கு முன் தொடங்கிய டிரான்சாக்‌ஷன் (பல குவரிகளை ஒரே அலகாகக் கட்டுவது) இருந்தால் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தீர்கள். எஸ்ஒய்எஸ் ஸ்கீமாவில் உள்ள இன்னோடிபி_லாக்_வெயிட்ஸ் என்ற வியூவையும் பாருங்கள்: யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று அது ஜோடி ஜோடியாகக் காட்டும். பிளாக்கிங்_பிஐடி நிரலில் அதே எண் திரும்பத் திரும்ப வந்தால் சந்தேகமே வேண்டாம். பிளாக்கிங்_குவரி 'நல்' (காலி) என்று இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். அந்தக் கனெக்‌ஷன் குவரியை முடித்துவிட்டது, மாற்றங்களை உறுதிசெய்து பூட்டை விடுவிக்கும் கமிட்டைத்தான் மறந்துவிட்டது.

இங்கே உடனே கில் அடிக்கக் கை பரபரக்கும். ஒரு நிமிடம் பொறுங்கள். பெர்ஃபார்மன்ஸ்_ஸ்கீமாவின் திரெட்ஸ் டேபிளில் அந்த பிராசஸ்லிஸ்ட் எண்ணுக்கு உரிய திரெட்_ஐடியை எடுத்து, அதை வைத்து ஈவன்ட்ஸ்_ஸ்டேட்மென்ட்ஸ்_ஹிஸ்டரியில் தேடுங்கள். அந்தக் கனெக்‌ஷன் கடைசியாக ஓட்டிய சில குவரிகள், இயல்பாகப் பத்து வரை, அங்கே இருக்கும். அவற்றை வைத்துச் செயலியில் எந்த ஃபங்ஷன் என்று அடையாளம் கண்டுவிடலாம். கில் செய்தால் இந்த வரலாறும் அதோடு மறையும். எடுத்து வைத்த பிறகு கில் செய்யுங்கள். டிஆர்எக்ஸ்_ரோஸ்_மாடிஃபைட் லட்சக்கணக்கில் இருந்தால் ரோல்பேக் (செய்த மாற்றங்களைத் திரும்பப் பெறுவது) முடிய நேரமெடுக்கும். பொறுமையிழந்து அப்போது ரீஸ்டார்ட் செய்தாலும், திரும்ப எழுந்ததும் ரோல்பேக் விட்ட வேலையைத் தொடரும். பூட்டு அதுவரை விலகாது.

ஃபங்ஷனைத் திறந்தால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. டிரான்சாக்‌ஷனுக்கு நடுவில் வெளிச் சேவையை அழைப்பது: ரோவை அப்டேட் செய்துவிட்டு, பணம் செலுத்தும் கேட்வேயின் பதிலுக்காகக் காத்திருந்து, பிறகு கமிட். கேட்வே 40 விநாடி இழுத்தால் பூட்டும் 40 விநாடி. வெளி அழைப்பைக் கமிட்டுக்குப் பிறகு நகர்த்துங்கள். இரண்டாவது, எக்ஸெப்ஷன் வரும் பாதையில் செஷனை மூடாமல் விடுவது. பைத்தானின் 'வித்' பிளாக்குக்குள் செஷனைத் திறந்தால் இது தானாகத் தீரும். மூன்றாவது, எந்த ரோ என்று சொல்லும், அப்டேட்டின் 'வேர்' (WHERE) நிபந்தனைக்கு இண்டெக்ஸ் இல்லாதது. இயல்பான ரிப்பீட்டபிள் ரீட் நிலையில் இன்னோடிபி தான் படித்துக் கடந்த எல்லா ரோக்களையும் பூட்டும், மாற்றியதை மட்டும் அல்ல. அந்த அப்டேட்டை எக்ஸ்பிளெயினோடு ஓட்டி டைப் நிரலில் ஆல் அல்லது இண்டெக்ஸ் என்று வந்தால், ஒரே ஒரு ரோவை மாற்றப் போய் டேபிள் முழுவதையும் பூட்டியிருக்கிறீர்கள்.

1205-இல் இன்னொன்று. நேரம் முடிந்தால் மைஎஸ்கியூஎல் இயல்பாக அந்த ஒரு குவரியை மட்டும்தான் ரோல்பேக் செய்கிறது, டிரான்சாக்‌ஷனை அல்ல. எக்ஸெப்ஷனைப் பிடித்து லாகில் எழுதிவிட்டு மேலே நகர்ந்து கமிட் செய்யும் கோட் உங்களிடம் இருந்தால், பதிவு நுழைந்திருக்கும், இருக்கை எண்ணிக்கை குறைந்திருக்காது. இந்த வகைப் பாதி எழுத்தைப் பிற்பாடு தேடிச் சரிசெய்வது மிகக் கடினம். 1205 வந்தால் முழு டிரான்சாக்‌ஷனையும் நீங்களே ரோல்பேக் செய்ய வேண்டும். 1213, அதாவது டெட்லாக், வந்தால் மைஎஸ்கியூஎல்லே முழுதையும் ரோல்பேக் செய்திருக்கும். முதல் குவரியிலிருந்து மறுபடி ஓட்டுங்கள், கடைசி வரியை மட்டும் அல்ல. இதுவரை நடந்த பதிவுகளில் கணக்கு இடிக்கிறதா என்று ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

பிராசஸ்லிஸ்டில் 'வெயிட்டிங் ஃபார் டேபிள் மெட்டாடேட்டா லாக்' என்று தெரிந்தால் கதை சற்று வேறு. டேபிளின் அமைப்பை மாற்ற யாரோ ஆல்டர் டேபிள் ஓட்டியிருக்கிறார்கள். அது மேலே சொன்ன தூங்கும் டிரான்சாக்‌ஷனுக்காகக் காத்திருக்கிறது. ஆல்டருக்குப் பின்னால் வரும் சாதாரண செலக்ட்கூட அதன் பின்னால் நிற்கிறது. இதற்கான லாக்_வெயிட்_டைம்அவுட் இயல்பாக 31536000 விநாடி, ஓர் ஆண்டு. ஆல்டர் ஓட்டும் முன் அந்த செஷனில் மட்டும் அதை 5 ஆக்கிக்கொள்ளுங்கள். இடம் கிடைக்காவிட்டால் ஆல்டர் தோற்றுப் பின்வாங்கும், செயலி தப்பிக்கும்.

காலை 2006-க்கும் மேலே சொன்னவற்றுக்கும் தொடர்பு இருக்க வேண்டியதில்லை. வெயிட்_டைம்அவுட் 28800 விநாடி, அதாவது 8 மணி நேரம். இரவு முழுக்கப் பேசாமல் கிடந்த கனெக்‌ஷனை சர்வர் மூடிவிடுகிறது. பூலுக்கு அது தெரியாது, காலையில் செத்த கனெக்‌ஷனை எடுத்துக் கொடுக்கிறது. 8.0.24 முதல் இதே காரணத்துக்கு 4031 என்றும் வரலாம். க்ரியேட்_என்ஜினில் பூல்_ரீசைக்கிள் = 1800, பூல்_பிரீ_பிங் = ட்ரூ என்று கொடுங்கள். முதலாவது, அரை மணி நேரத்துக்கு மேல் பழசான கனெக்‌ஷனை எடுக்கும்போதே புதிதாக மாற்றும். இரண்டாவது, கொடுக்கும் முன் உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும்.

ஆனால் ஷோ குளோபல் ஸ்டேட்டஸில் அப்டைம் என்ன சொல்கிறது என்றும் காலையில் பாருங்கள். நீங்கள் கடைசியாக ரீஸ்டார்ட் செய்ததிலிருந்து கழிந்த நேரத்தைவிட அது குறைவாக இருந்தால், இரவில் சர்வர் ஒருமுறை செத்து எழுந்திருக்கிறது; லினக்ஸின் சிஸ்டம்டி சத்தமில்லாமல் அதை மறுபடி கிளப்பியிருக்கும். அப்படியானால் காலை 2006-உம் ரேம் கதைதான். பூலைச் சுருக்கிய பிறகும் அப்டைம் இப்படி உடைந்தால், அந்த நேரத்தில் ஓடும் பேக்அப், ரிப்போர்ட் வேலைகள் எவ்வளவு ரேம் எடுக்கின்றன என்று பார்த்து, பஃபர் பூலை 4 ஜிபிக்கு இறக்குங்கள்.