பொலிவியாவுக்கு நாலு பேர்

அன்புள்ள சார்,

உங்கள் பயணக் கட்டுரைகளைத் தொடர்ந்து படிக்கிறேன். கல்லூரியில் ஒன்றாகப் படித்த நாங்கள் நாலு பேர் வரும் ஜூலையில் பொலிவியா போகிறோம். 16 நாள், முதுகுப் பையோடு, கிடைக்கிற பஸ்ஸில். லா பாஸில் இறங்கி மறுநாளே ‘மரணச் சாலை’யில் சைக்கிள், அதற்கடுத்த நாள் டிட்டிகாக்கா ஏரி, இரவு பஸ்ஸில் உயூனி உப்புவெளி, மூன்று நாள் ஜீப், பொத்தோசியில் வெள்ளிச் சுரங்கம், கடைசியில் சூக்ரே என்று திட்டம்.

இரண்டு விஷயத்தில் சண்டை. எங்களில் ஒருவன் இது ரொம்ப வேகம், பாதி இடத்தை வெட்டுங்கள் என்கிறான். முடியாத அன்று அவன் அறையிலேயே ஓய்வெடுக்கட்டும், நாங்கள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம் என்பது மற்ற மூன்று பேரின் எண்ணம். அதே நண்பன் சுரங்கத்துக்கும் வரமாட்டேன் என்கிறான். அடுத்தவன் படும் கஷ்டத்தை டிக்கெட் வாங்கிப் பார்ப்பதா என்று கேட்கிறான். நீங்களும் நண்பர்களோடு அங்கே போனதாக ஒரு கட்டுரையில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தீர்கள். நாங்கள் என்ன செய்யலாம்?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

அந்த ஒரு வரிக்கு மேல் எழுத எனக்கு மனம் வராமல் இருந்தது. இப்போது எழுதிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் திட்டம் ஏறக்குறைய நாங்கள் 2016-இல் போட்ட திட்டம்தான். நாங்களும் நாலு பேர். ‘அறையில் ஓய்வெடுக்கட்டும்’ என்ற யோசனையும் எங்களிடம் இருந்தது.

லா பாஸின் விமான நிலையம் நகரத்துக்கு மேலே எல் ஆல்டோவில், 4,000 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது. நம் தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். விமானத்தை விட்டு இறங்கி, பைக்காகக் காத்து நின்றபோதே நாலு பேருக்கும் தலை லேசாகச் சுற்றியது. மறுநாள் மூன்று பேர் தேறிவிட்டோம். நாலாமவனுக்குத் தலைவலி விடவில்லை. எங்களில் தினமும் ஓடுகிறவன் அவன்தான், அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நிறையத் தண்ணீர் குடி, சரியாகிவிடும் என்றோம். “நீங்க போய்ட்டு வாங்கடா, நான் படுத்துக்கறேன்” என்றான். அதைக் கேட்டதும் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. இன்றைக்கும் என்னை உறுத்துவது அந்த நிம்மதிதான்.

ஐந்தாம் நாள் உயூனியில் ஜீப் ஏறினோம். உப்புவெளி 3,650 மீட்டர் உயரம். ஆனால் ஜீப் அங்கே நிற்பதில்லை. இரண்டாம் நாள் தெற்கே செந்நிற ஏரியான லகுனா கொலராடா பக்கம் போகும், அது 4,200-க்கும் மேலே. ஏரி முழுக்கப் பூநாரைகள். நாங்கள் கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தோம், அவன் ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தான். அன்று இரவு தங்குமிடத்தில் இரண்டு முறை வாந்தி எடுத்தான். கழிப்பறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்துபோனான். எங்கள் ஓட்டுநர் அதைப் பார்த்துவிட்டார். தரையில் பலகைகள் சேரும் கோட்டைக் காட்டி, அதன் மேலேயே நட என்று சைகையில் சொன்னார். அவனால் நாலடி நேராக வைக்க முடியவில்லை. அவர் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வண்டியை எடுத்தார், இரவோடு இரவாக உயூனிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். ஆக்சிஜன் கொடுத்தார்கள். அறுநூறு மீட்டர் இறங்கியதுமே அவன் முகத்தில் உயிர் வந்திருந்தது.

ஊர் உயர்ந்தால் காற்றில் ஆக்சிஜனின் பங்கு குறைவதில்லை, அதே 21 சதவீதம்தான். காற்றின் அழுத்தம்தான் குறைகிறது. லா பாஸ் உயரத்தில் அது கடலோரத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போவது அவ்வளவுதான். உடல் இதற்குப் பழக நாட்கள் வேண்டும். அந்த நாட்கள் ஆளுக்கு ஆள் மாறும், உடற்பயிற்சி செய்கிறவர் என்று மலை பார்ப்பதில்லை. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்றால் மேலே ஏறாமல் அங்கேயே தங்க வேண்டும். நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ உடனே இறங்க வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. உயரத்துக்கு உடல் பழக உதவும் டயமாக்ஸ் மாத்திரை பற்றிக் கிளம்பும் முன்பே உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். கோக்கா இலைத் தேநீர் எல்லா விடுதியிலும் கிடைக்கும், குடியுங்கள், இதமாக இருக்கும். அதை மருந்தென்று நம்பி ஏறாதீர்கள். இலையை ஞாபகத்துக்கென்று பையில் போட்டு ஊருக்கும் கொண்டுவராதீர்கள். அங்கே அது சட்டபூர்வமானது, 2009 அரசியல் சட்டத்திலேயே பண்பாட்டுச் சொத்தாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் கோக்கெயின் எடுப்பது அந்த இலையிலிருந்துதான், நம் ஊரில் அது போதைப்பொருள் வழக்கு.

ஆகவே உங்கள் நண்பர் சொல்வதுதான் சரி. திட்டத்தை அப்படியே தலைகீழாகத் திருப்புங்கள். லா பாஸில் இறங்காமல் சாந்தா குரூஸில் இறங்குங்கள், அது வெறும் 400 மீட்டர். அங்கிருந்து சூக்ரே, 2,800 மீட்டர். அங்கே நாலு இரவு தங்குங்கள். அப்புறம் பொத்தோசி. அது 4,000-ஐத் தாண்டும் ஊர், அந்த 500 மீட்டர் கணக்கைவிடப் பெரிய ஏற்றம், அதனால் போய்ச் சேர்ந்த நாளில் ஒரு வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். அப்புறம் உயூனி, கடைசியில் லா பாஸ். மரணச் சாலையை வெட்டிவிடுங்கள். இரண்டு நாளைச் சும்மா விட்டு வையுங்கள், ஏனென்றால் அங்கே ‘புளோக்கேயோ’ என்று ஒன்று உண்டு. கோரிக்கை வைத்து ஊர்க்காரர்கள் சாலையை மறித்து உட்கார்ந்துவிடுவார்கள், பஸ் நிற்கும். மறியல் நமக்குப் புதிதில்லை, கோபப்படாமல் காத்திருங்கள்.

நாலு இரவு சூக்ரேயில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். சந்தைக்குப் போங்கள். நான் அந்த நாட்டில் மிகவும் நேசிப்பது அந்தச் சந்தையைத்தான். நம் சமையலறையில் பாதி அங்கே பிறந்தது. உருளைக்கிழங்கை முதலில் பயிராக்கியவர்கள் டிட்டிகாக்கா ஏரியைச் சுற்றிய மலைமக்கள். நிலக்கடலையின் தாயகம் தெற்கு பொலிவியாவும் வடக்கு அர்ஜென்டினாவும் சேர்ந்த நிலம். மிளகாய்க் குடும்பத்தின் வேரையும் பொலிவியாப் பகுதியில்தான் தேடுகிறார்கள். போர்ச்சுகீசியர் கொண்டுவரும்வரை நமக்கு உறைப்பு என்றால் மிளகுதான். புதிதாக வந்த காய்க்கு மிளகை வைத்தே பெயர் கொடுத்தோம். சூக்ரே சந்தையில் ஊதா, கறுப்பு, மஞ்சள், விரல் போல் வளைந்தது என்று உருளைக்கிழங்கு குவிந்து கிடக்கும். அதன் பக்கத்தில் சுருங்கிய கூழாங்கல் போல ஒன்று இருக்கும். அது சுன்யோ. கிழங்கைப் பனி கொட்டும் இரவில் வெளியே பரப்பி உறைய வைத்து, பகலில் காலால் மிதித்துத் தண்ணீரைப் பிழிந்து, வெயிலில் காயப் போடுகிறார்கள். ஆண்டுக்கணக்கில் கெடாது. நம் வற்றல் போலத்தான், வெயிலோடு உறைபனியும் சேர்ந்து வேலை செய்கிறது.

சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தால் மேசையில் ‘யாஹ்வா’ இருக்கும். தக்காளியும் லொகோட்டோ என்ற குண்டு மிளகாயும் சேர்த்துக் கல்லில் அரைத்த சட்னி. அந்தக் கல்லுக்குப் பெயர் பட்டான். அகலமான கீழ்க்கல், அதன் மேல் பிறை வடிவில் கனமான கல், இரண்டு கையாலும் பிடித்து ஆட்டி ஆட்டி அரைக்கிறார்கள். உயூனியிலிருந்து தேறிவந்த நண்பன் அதைப் பார்த்ததும் “அம்மிடா” என்று கத்தினான். ஏழு நாளில் அவன் உரக்கப் பேசியது அப்போதுதான். கடலையை வறுக்காமல் அரைத்துச் செய்யும் சூப்பையும் விடாதீர்கள். மாட்டிறைச்சித் துண்டு கிடக்கும், உங்களில் சைவம் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஜூலையில் போவதால் ஒன்று சொல்ல வேண்டும். உப்புவெளியில் வானம் கண்ணாடிபோல் தெரியும் படங்களை மனதில் வைத்துப் போகிறீர்கள் என்றால், அது மழைத் தண்ணீர் நிற்கும் ஜனவரி முதல் மார்ச் வரை. ஜூலையில் காய்ந்த உப்பு, அறுகோணம் அறுகோணமாக வெடித்து, 10,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் விரிந்து கிடக்கும். எனக்கு அதுவே பிடித்தது. இரவில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரிக்கும் இறங்கும், நல்ல கம்பளி வேண்டும்.

இனி சுரங்கம். பொத்தோசியின் தலைக்கு மேல் நிற்கும் செர்ரோ ரிக்கோவில், அதாவது பணக்கார மலையில், 1545-இல் ஸ்பானியர் வெள்ளி எடுக்கத் தொடங்கினார்கள். 1570-களில் வைஸ்ராய் பிரான்சிஸ்கோ தே தொலேடோ ‘மீத்தா’ என்ற கட்டாய வேலை முறையை நிறுவினார். சுற்று வட்டார மாகாணங்களில் வயது வந்த ஆண்களில் ஏழில் ஒருவர் ஆண்டுதோறும் இந்த மலைக்கு வந்தாக வேண்டும். எத்தனையோ பேர் திரும்பவில்லை. இந்திய மிளகுக்கும் துணிக்கும் ஐரோப்பியக் கப்பல்கள் கொண்டுவந்து கொடுத்த வெள்ளியில் இந்த மலையின் வெள்ளியும் உண்டு. இன்றும் உள்ளே வேலை நடக்கிறது. வெள்ளி பெரும்பாலும் போய்விட்டது, துத்தநாகமும் ஈயமும் தகரமும் தேடுகிறார்கள். தோண்டித் தோண்டி மலையின் உச்சி உள்வாங்கிக்கொண்டிருக்கிறது. 2014-இல் யுனெஸ்கோ அந்த நகரை ஆபத்திலுள்ள பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. கல்தூள் நுரையீரலில் படிந்து வரும் நோய் சுரங்கக்காரர்களை இளம் வயதிலேயே கொண்டுபோகிறது.

எங்களில் இரண்டு பேர் உள்ளே போனோம். முன்பு சுரங்கத்தில் வேலை செய்தவரே வழிகாட்டி. உள்ளே ஓரிடத்தில் ‘தீயோ’ உட்கார்ந்திருந்தார். கொம்பு வைத்த மண் உருவம். வாயில் சிகரெட், மடியில் கோக்கா இலை, காலடியில் சாராயம். வெளியே தேவாலயத்தில் சிலுவை போட்டுக்கொள்ளும் மனிதர்கள் உள்ளே வந்ததும் இவரிடம்தான் உயிரை ஒப்படைக்கிறார்கள். சுருட்டும் சாராயமும் படைக்கும் ஊர் எல்லைச் சாமிகளைக் கும்பிட்டு வளர்ந்த எனக்கு அங்கே கை தானாகக் குவிந்தது.

ஆனால் திரும்பும் வழியில் பின்னால் சத்தம் கேட்டது. நிரம்பிய தள்ளுவண்டியை மூன்று பேர் தண்டவாளத்தில் ஓட்டிக்கொண்டு வந்தார்கள். நாங்கள் சுவரோடு ஒட்டிக்கொள்ள இடம் தேடித் தடுமாறியதில் அவர்கள் வண்டியை இழுத்துப் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று. ஓடும் வண்டியை நிறுத்திவிட்டு மறுபடி நகர்த்துவது எவ்வளவு பாடு என்று பக்கத்தில் நின்று பார்த்தேன். அவர்கள் கூட்டுறவுக் குழுவாக வேலை செய்கிறவர்கள். மாதச் சம்பளம் கிடையாது, வெளியே கொண்டுவரும் கல்லுக்குத்தான் காசு. நாங்கள் போகாமல் இருந்திருந்தால் அந்த வண்டி நின்றிருக்காது. கஷ்டத்தை வேடிக்கை பார்ப்பது சரியா என்ற உங்கள் நண்பரின் கேள்விக்கு எல்லோருக்கும் பொதுவான பதில் என்னிடம் இல்லை. அந்தத் தள்ளுவண்டி போதும் எனக்கு, நான் மறுபடி உள்ளே போக மாட்டேன். நீங்களும் போக வேண்டாம் என்றே சொல்வேன். அந்த நேரத்தைப் பழைய நாணயச்சாலையில் செலவிடுங்கள். கோவேறு கழுதைகளைக் கட்டி இழுத்து வெள்ளியைத் தகடாக்கிய பிரம்மாண்டமான மர இயந்திரங்கள் அங்கே அப்படியே நிற்கின்றன. அப்புறம் மாலையில் தெருவில் நின்று அந்தச் செம்மண் நிற மலையைப் பாருங்கள்.

லா பாஸ் வரும்போது உங்கள் மூச்சு பழகியிருக்கும். கேபிள் கார்தான் அங்கே டவுன் பஸ், 2014-இலிருந்து ஓடுகிறது. அதில் எல் ஆல்டோவுக்கு ஏறிப் போங்கள். அந்த நகரத்தில் ஏழைகள் மேலே, பணக்காரர்கள் கீழே. காற்றும் வெதுவெதுப்பும் கீழேதான். மேலே நீங்கள் கேட்பது அய்மாரா மொழி. அதில் கடந்த காலம் கண்ணுக்கு முன்னே இருக்கிறது, வருங்காலம் முதுகுக்குப் பின்னே. பழையதைப் பேசும்போது பெரியவர்கள் கையை முன்னால் நீட்டுகிறார்கள். உலக வழக்கத்துக்கு மாறானது என்று இதை மொழியியலாளர்கள் வியந்து எழுதுகிறார்கள். முன்னோர் என்றும் முன்பு என்றும் பின்னாளில் என்றும் பேசுகிற நமக்கு அது அவ்வளவு அந்நியமாகத் தெரியாது.

உங்கள் நண்பரைப் பற்றி மறுபடி சொல்கிறேன். திட்டத்தை அவரிடமே கொடுத்து எழுதச் சொல்லுங்கள். அங்கே போன பிறகு ஒரு காலை அவர் “நீங்க போங்க, நான் இருக்கேன்” என்றால் ஒருவராவது கூட இருங்கள். எங்கள் நண்பன் அதைப் பற்றி இதுவரை ஒரு சொல் குறையாகச் சொன்னதில்லை. நான்தான் அவனிடம் மன்னிப்புக் கேட்க மூன்று வருடம் எடுத்துக்கொண்டேன்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை மறந்துவிடாதீர்கள். பொலிவியாவிலிருந்து இந்தியா திரும்பும்போது அதன் சான்றிதழ் இல்லையென்றால் தனிமைப்படுத்திவிடுவார்கள். பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். நாலு பேரும் ஒரே நாளில் சேர்ந்து போய்ப் போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள்.

அன்புடன்.