1947–52: புதிய அரசின் சிக்கல்கள், கேள்வி பதில்

கே: இணைப்புப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டதும் சமஸ்தானங்கள் இந்தியாவுக்குள் வந்துவிட்டனவா?

ப: பாதிதான். அந்தப் பத்திரம் பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு ஆகிய மூன்றை மட்டுமே டெல்லியிடம் ஒப்படைத்தது. வரி, போலீஸ், நிர்வாகம் மன்னரிடமே இருந்தன. அவற்றைக் கைமாற்றியது பிறகு வந்த ஒன்றிணைப்பு ஒப்பந்தம். மன்னர் மானியம் அதற்கு ஈடு. புதுக்கோட்டை சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது 1948 மார்ச்சில். இரண்டு பத்திரங்களையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், தேதியைப் பாருங்கள்.

கே: பாகிஸ்தானுக்கு 55 கோடியைத் தூக்கிக் கொடுத்தது ஏன்?

ப: அது தானம் அல்ல, பாகப்பிரிவினைப் பங்கு. பிரிக்கப்படாத இந்தியாவின் ரொக்க இருப்பில் பாகிஸ்தானுக்கு 75 கோடி என்று பேசி முடித்தார்கள். 20 கோடி முன்பே போய்விட்டது, மீதிதான் 55. கடனிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு: பழைய அரசின் கடன் முழுவதையும் இந்தியா ஏற்றது, தன் பங்கைப் பாகிஸ்தான் தவணையில் இந்தியாவுக்குத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. அன்று இரு அரசுகளுக்கும் ரிசர்வ் வங்கியே வங்கி. பணம் தருவது என்றால் பேரேட்டில் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதுதான்.

கே: காஷ்மீரில் சண்டை நடக்கும்போது எதிராளிக்குப் பணமா? படேல் நிறுத்தியது சரிதானே?

ப: அவருடைய கவலை நியாயமானது. பணம் ஆயுதமாகத் திரும்பி வரும் என்று அமைச்சரவையே அஞ்சியது. ஆனால் ஊடுருவல் தொடங்கியது 1947 அக்டோபரில், பங்கை ஒப்புக்கொண்டது டிசம்பரில். சண்டை தெரிந்தேதான் ஒப்புக்கொண்டார்கள். காஷ்மீர் தீர்ந்தால்தான் பணம் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இல்லை. கையெழுத்தான பிறகு சேர்க்கும் நிபந்தனை ஒரு புதிய அரசின் வாக்கைத்தான் கெடுக்கும்.

கே: காந்தி உண்ணாவிரதம் இருந்ததே அந்தப் பணத்துக்காகத்தானே?

ப: தேதியைப் பாருங்கள். உண்ணாவிரதம் தொடங்கியது 1948 ஜனவரி 13. பணத்தை விடுவிக்கும் முடிவு 15-ஆம் தேதி. அவர் முடித்துக்கொண்டதோ 18-ஆம் தேதி, டெல்லியில் முஸ்லிம்களின் உயிருக்கும் உடைமைக்கும் எல்லாத் தரப்புத் தலைவர்களும் எழுத்தில் உறுதி கொடுத்த பிறகு. பணம் மட்டுமே நோக்கம் என்றால் 15-ஆம் தேதியே முடித்திருப்பார். முடிவுக்கு உண்ணாவிரதம் அழுத்தம் தந்தது உண்மை.

கே: 55 கோடியை ஏன் கொடுத்தார்கள்?

ப: மேலே இருக்கிறது. படித்துவிட்டுக் கேளுங்கள்.

கே: படேல் பிரதமராகியிருந்தால்?

ப: ஊகத்துக்குப் பதில் சொல்வதில்லை.

கே: சிந்து நீர்ச் சண்டை 1960-இல் தொடங்கியதா?

ப: 1960 ஒப்பந்தம் ஆன ஆண்டு. எல்லைக்கோடு, ஆற்றிலிருந்து கால்வாய்க்கு நீரைத் திறந்துவிடும் தலைமதகுகளை இந்தியாவிலும், அவை நீர் தரும் கால்வாய்களின் பெரும்பகுதியைப் பாகிஸ்தானிலும் விட்டது. அப்போதைக்கு ஒரு தற்காலிக ஏற்பாடு செய்தார்கள். அது 1948 மார்ச் 31-இல் காலாவதியானது, புதுப்பிக்கவில்லை. மறுநாளே கிழக்குப் பஞ்சாப் நீரை நிறுத்தியது. மே 4-இல் டெல்லியில் இடைக்கால உடன்பாடு.

கே: எழுத்தறிவு இல்லாதவர்களை வைத்து முதல் தேர்தலை எப்படி நடத்தினார்கள்?

ப: வேட்பாளருக்கு ஒரு பெட்டி, அதில் அவர் சின்னம். சீட்டில் முத்திரை எதுவும் குத்த வேண்டாம். வேண்டிய பெட்டியில் போட்டால் போதும். பெட்டிக்குள் போடாமல் மேலேயே வைத்துவிட்டுப் போனால் வாக்கு வீண். பெரிய சேதம் வாக்காளர் பட்டியலிலேயே நடந்தது: சொந்தப் பெயரைச் சொல்லாமல் 'இன்னார் மனைவி', 'இன்னார் மகள்' என்று பதிந்த சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவை நீக்க நேர்ந்தது. தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் இதில் விட்டுக்கொடுக்கவில்லை. அடுத்த தேர்தலுக்குள் பெயரோடு பதிய வைப்பதே சரி என்பது அவர் முடிவு.