வாசகர் கேள்வி: வெட்டாத மரத்துக்கு யார் காசு கொடுப்பது?

கே: ஆஸ்திரேலியாவில் சொந்த நிலத்து மரத்தை வெட்ட விடவில்லை என்று ஒரு விவசாயி கோபுரத்தில் ஏறி உண்ணாவிரதம் இருந்தாராமே, நிஜமா? (வாசகி, பொள்ளாச்சி)

நிஜம்தான். பீட்டர் ஸ்பென்சர் என்பவர், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் கூமா பக்கம் மலைப்பாங்கான இடத்தில் 13,000 ஏக்கருக்கு மேல் வைத்திருந்தார். (நம் ஊரில் இது ஜமீன் கணக்கு, அங்கே ஆடு மேய்க்கிற மேட்டு நிலத்தில் இதெல்லாம் சாதாரணம்.) 2009 நவம்பரில், காற்றின் வேகத்தை அளக்கத் தன் நிலத்தில் நிறுத்தியிருந்த கோபுரத்தில் ஏறி உட்கார்ந்து சாப்பாட்டை நிறுத்திவிட்டார். பிரதமர் கெவின் ரட் நேரில் பேச வேண்டும் என்பது கோரிக்கை. ரட் வரவில்லை. கான்பெராவில் பாராளுமன்றத்தின் முன் விவசாயிகள் கூடிக் குரல் கொடுத்தார்கள், அதற்கும் அசைவில்லை. 52 நாள் கழித்து, 2010 ஜனவரியில் இறங்கினார்.

அவருக்கு ஏன் அவ்வளவு கோபம் என்றால், அந்த மாநிலம் 1997-லும் 2003-லும் போட்ட சட்டங்களின்படி, இயற்கையாக வளர்ந்த உள்நாட்டு மரம், புதர் எதையும் அனுமதி இல்லாமல் பெருமளவில் அழிக்க முடியாமல் இருந்தது (2017-ல் அந்த இடத்துக்கு வேறு சட்டம் வந்தது). அந்த மாதிரி நிலத்தைச் சில வருஷம் சும்மா விட்டால் மறுபடி காடாகிவிடும். காடானதும் மேய்ச்சல் போச்சு, பத்திரம் மட்டும் கையில் இருக்கும்.

கே: தடை போட்டது மாநிலம். மத்திய அரசை ஏன் திட்டுகிறார்?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. 1997-ல், புவி சூடாவதைக் குறைக்க நாடுகள் செய்த கியோட்டோ ஒப்பந்தம் பேசும்போது பணக்கார நாடுகள் பெரும்பாலும் 1990-ஐவிடப் புகையைக் குறைக்க ஒப்புக்கொண்டன. ஆஸ்திரேலியாவோ பேரம் பேசி, 8 சதவீதம் கூட்டிக்கொள்ளவே அனுமதி வாங்கியது. அதோடு நிற்கவில்லை. காட்டை அழித்ததால் 1990-ல் வெளியான கார்பனையும் அடிப்படைக் கணக்கில் சேர்க்க ஒரு விதியை நுழைத்துக்கொண்டது. அந்தக் காலத்தில் குயின்ஸ்லாந்தில் இரண்டு புல்டோசருக்கு நடுவே தடிமனான சங்கிலியைக் கட்டி இழுத்துக்கொண்டு போவார்கள், நடுவில் இருக்கும் மரமெல்லாம் வேரோடு சாயும், பிறகு குவித்துக் கொளுத்துவார்கள். அப்படி 1990 கணக்கு உச்சத்தில் நின்றதால், அதற்கப்புறம் மரம் வெட்டுவது குறைந்தாலே போதும், நிலக்கரி மின்நிலையத்துப் புகை ஏறினாலும் மொத்தத்தில் கணக்கு நேராகிவிடும்!

விவசாயி கேட்பது இதுதான்: நாட்டின் இலக்கு என் மரத்தால் நிறைவேறியது, மின்நிலையக்காரனை யாரும் ஒன்றும் சொல்லவில்லை, என் பங்கு எங்கே? ஆஸ்திரேலிய அரசியல் சட்டத்தின் 51-வது பிரிவுப்படி மத்திய அரசு ஒருவர் சொத்தை எடுத்தால் நியாயமான இழப்பீடு தர வேண்டும், மாநிலங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தடை மாநிலத்தின் கையால், ஆதாயம் மத்திய அரசுக்கு என்றால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

கே: கோர்ட்டு என்ன சொன்னது?

ஸ்பென்சர் 2007-ல் மத்திய அரசின் மேல் வழக்குப் போட்டார். கீழே இரண்டு கட்டத்தில் விசாரணையே வேண்டாம் என்று தள்ளினார்கள். 2010-ல் ஆஸ்திரேலியாவின் உச்ச நீதிமன்றமான ஹை கோர்ட்டு, விசாரிக்காமல் தள்ளக் கூடாது என்றது. விசாரித்தார்கள், 2015-ல் தோற்றார், 2018-ல் மேல்முறையீட்டிலும் தோற்றார். நிலத்தின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்துவது வேறு, சொத்தை எடுத்துக்கொள்வது வேறு, மத்திய அரசின் கைக்கு எந்தச் சொத்தும் போகவில்லை என்பது தீர்ப்பின் சாரம்.

சட்டப்படி இது சரியாகத்தான் படுகிறது. தடையும் தேவைதான். அங்கே ஆழமான வேர் போனால் நிலத்தடி நீர் மேலே ஏறி உப்பைக் கொண்டுவந்து வயலையே பாழாக்கும், அதனால் பக்கத்து விவசாயியும் சேர்ந்து கெடுவார். ஆனால் ஊருக்கே கிடைக்கிற நன்மையின் செலவை ஒரு குடும்பத்தின் தலையில் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கே: காசு கொடுக்க ஆரம்பித்தால் கட்டுப்படியாகுமா?

கொடுத்திருக்கிறார்களே. 2006 முடிவோடு பெரிய அளவில் காட்டை அழிப்பது நிற்க வேண்டும் என்று 2004-ல் சட்டம் போட்டபோது, குயின்ஸ்லாந்து 15 கோடி ஆஸ்திரேலிய டாலர் ஒதுக்கியது. போதவில்லை என்றார்கள் விவசாயிகள், அது வேறு கதை. பின்னாளில், கார்பன் வெளியேறாமல் தடுப்பவர்களுக்குப் பணம் தரும் மத்திய அரசுத் திட்டத்தில், நியூ சவுத் வேல்ஸின் மேற்கே கோபார், பூர்க் பக்கம், வெட்டும் அனுமதியைக் கையில் வைத்துக்கொண்டு வெட்டாமல் விட்டவர்களுக்குப் பணம் கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், அனுமதி கிடைத்தவனுக்கு வெட்டாததற்குக் காசு, அனுமதியே கிடைக்காதவனுக்கு ஒன்றும் கிடையாது. பணம் வாங்கியவர்களில் பலர் எப்படியும் வெட்டியிருக்க மாட்டார்கள் என்று விஞ்ஞானிகள் சிலர் குறை சொன்னார்கள், அதிலும் நியாயம் உண்டு.

கே: எங்கள் பட்டா நிலத்தையும் தனியார் காடு என்கிறார்கள். நாங்கள் இழப்பீடு கேட்கலாமா? (வாசகர், கூடலூர்)

உங்களைக் கட்டுப்படுத்துவது 1949-ம் வருஷத்துத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம். அதன்படி அரசு அமைத்த குழுவின் அனுமதி இல்லாமல் மரத்தை வெட்டவோ நிலத்தை விற்கவோ முடியாது. சொத்துரிமை 1978 திருத்தத்தில் அடிப்படை உரிமை என்ற இடத்தை இழந்து, இப்போது நம் அரசியல் சட்டத்தின் 300-ஏ பிரிவில் சட்ட உரிமையாக இருக்கிறது. நிலத்தையே எடுத்தால் இழப்பீட்டுக்கு வாதாடலாம், வெட்டாதே என்று மட்டும் சொன்னால் வாதாடுவது கடினம். முதலில் உங்கள் சர்வே எண் தனியார் காடுகளின் பட்டியலில் இருக்கிறதா என்று மனு போட்டுக் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள், வாய்வார்த்தையை நம்பி வக்கீலுக்குச் செலவழிக்காதீர்கள்.