முயலின் தாடைக் கட்டியை வீட்டிலேயே உடைக்கலாமா?

கேள்வி: எங்கள் முயலுக்கு மூன்று வயது. பத்து நாளாகக் கீழ்த்தாடையில் கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி, தொட்டால் கெட்டியாக இருக்கிறது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பழுக்கவைத்து, ஊசியால் குத்திச் சீழை எடுத்துவிடலாமா? எனக்கு எழுதித் தந்த அமாக்சிசிலின் மாத்திரை மீதி இருக்கிறது. அதைக் கொடுக்கலாமா?

பதில்: முதலில் அந்த மாத்திரையைக் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் போன்றவற்றை முயலுக்கு வாய்வழியாகக் கொடுக்கவே கூடாது. குடலில் செரிமானத்துக்கு உதவும் நுண்ணுயிரிகள் மடிந்து, கிளாஸ்ட்ரிடியம் என்ற கெட்ட பாக்டீரியா பெருகி நஞ்சைச் சுரக்கும். கட்டியால் சாகாத முயல் மாத்திரையால் செத்துப்போகும். கினிப் பன்றிக்கும் ஹாம்ஸ்டருக்கும் இதே ஆபத்துதான். ஏற்கெனவே ஒரு வேளை கொடுத்திருந்தால் தயங்காமல் இன்றே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஊசியும் வேண்டாம். நாய், பூனைக்கு வரும் சீழ் பெரும்பாலும் நீர்த்திருக்கும், வழி கிடைத்தால் வடிந்துவிடும். முயலின் சீழ் அப்படியல்ல. அறுவை மேசையில் கட்டியைத் திறந்து அழுத்தினால், வெள்ளையாக, பற்பசை போல வந்து வந்த வடிவிலேயே நிற்கும். முயலின் இரத்த வெள்ளணுக்களில் சீழைக் கரைக்கும் நொதி போதாது. ஒத்தடம் கொடுத்தாலும் அது இளகாது. ஊசித் துளையில் துளி வரும். மிச்சமெல்லாம் கெட்டியான பைக்குள்ளேயே தங்கி மறுபடி பெருகும். வலியில் முயல் உதைத்துத் திமிறும்போது அதன் இடுப்பு முதுகெலும்பே முறிந்துபோகலாம்.

தாடைக் கட்டி என்றால் நான் முதலில் சந்தேகிப்பது பல்லைத்தான். முயலின் பற்கள் ஆயுள் முழுக்க வளர்பவை. கடைவாய்ப் பல்லின் வேர் நீண்டு எலும்பைத் துளைத்தால் அங்கே சீழ் கட்டும். அதனால் எக்ஸ்ரே எடுக்காமல் கத்தி வைப்பதில் பயனில்லை. சீழ்ப்பையை முழுதாக அகற்றி, கெட்ட பல்லையும் பிடுங்கினால்தான் தீர்வு. கிருமிப் பரிசோதனைக்குப் பையின் சுவரிலிருந்து மாதிரி எடுக்க முடியுமா என்று கேளுங்கள். நடுவில் உள்ள சீழில் பல நேரம் கிருமி வளராது.

மருத்துவரைப் பார்க்கும்வரை, சாப்பாட்டைக் கவனியுங்கள். தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள், புழுக்கையின் அளவைப் பாருங்கள். பன்னிரண்டு மணி நேரமாகச் சாப்பிடவில்லை, புழுக்கையும் போடவில்லை என்றால் அது அவசர நிலை; கட்டியைவிட அதுதான் வேகமாகக் கொல்லும்.

கட்டி தானாக உடைந்துவிட்டால் மட்டும் வீட்டில் கழுவலாம். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 9 கிராம் உப்பு, அதாவது ஒன்றரைத் தேக்கரண்டி. உடம்புச் சூட்டுக்கு வந்ததும், ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து மெல்லப் பீய்ச்சுங்கள். பிதுக்காதீர்கள். ஹைட்ரஜன் பெராக்சைடும் ஸ்பிரிட்டும் ஆறிவரும் சதையையே அரித்துவிடும், கிட்டே கொண்டுபோக வேண்டாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மேல்தோல் மட்டும் சீக்கிரம் மூடினால் உள்ளே மறுபடி சீழ் கட்டும். புண் அடியிலிருந்து ஆறி வர வேண்டும்.

ஈ அண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திறந்த புண்ணில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். மரத்தூளை எடுத்துவிட்டுச் சுத்தமான காகிதம் விரியுங்கள். கழுத்தில் கூம்புப் பட்டை கட்டத் தோன்றும். ஆனால் முயல் தன் மென்புழுக்கையைக் குனிந்து நேரடியாக எடுத்துத் தின்னும், பட்டை அதைத் தடுத்துவிடும்.

இதற்கிடையில் எச்சில் வடிந்து தாடை நனைந்தாலோ, கட்டியிருக்கும் பக்கத்துக் கண் பிதுங்கினாலோ, பல்லை நறநறவென்று கடித்தாலோ, மருத்துவரிடம் வாங்கிய தேதிக்காகக் காத்திருக்காமல் உடனே அழைத்துப் போங்கள்.